கோட்டுக்கு உள்ளே இருந்த கால்

அறுபதுகளின் கடைசியில் நான் துறைமுகத்துப் பட்டறை ஒன்றில் வெல்டராக இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மனைவியின் அண்ணன் அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். அவனைப் பார்க்கத்தான் முதலில் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். தங்கையைப் பார்த்ததெல்லாம் அப்புறம். ராயபுரத்தில் அவனும் நானும் ஒரே தெரு, ஒரே கோயில், ஒரே கிரிக்கெட் அணி. அணி என்றால் அவன் ஆடுவான், நான் பார்ப்பேன். எனக்குப் பந்து வருகிற திசையே பிடிபடாது. ஆனால் தெரு அணி ஆடிய ஒரு மேட்சையும் நான் விட்டதில்லை. ஸ்டம்ப், பேட், காலில் கட்டுகிற பேடு என்று எல்லாவற்றையும் திணித்த சாக்கைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வேலை என்னுடையது.

அந்த வருடம் மச்சானுக்குச் சரியாகப் போகவில்லை. ஐந்து மேட்சில் எல்லாம் சேர்த்து முப்பது ரன் தேறவில்லை. கடைசி ஆட்டக்காரனாக இறக்கி விட்டிருந்தார்கள். அவனுக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்து அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்புவதாக இருந்தது. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம்தான் தெரு அணிக்காக அவன் ஆடப்போகிற கடைசி ஆட்டம். காலையில் மாதா கோயிலில் பூசைக்குப் போய் இருவரும் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு வந்தோம். வரும் வழியில், "என்ன வேண்டிக்கினே?" என்று கேட்டேன். "இன்னிக்காவது கொஞ்சம் நேரம் நின்னு ஆடணும்னு" என்றான்.

எதிரணி திருவொற்றியூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் ஆட்கள். போன வருடக் கோப்பை அவர்களிடம் இருந்தது. ஆட்டம் முடியாமல் நின்றுபோனால் கோப்பை போன வருடம் வென்றவர்களிடமே இருக்கும் என்று விதி வைத்திருந்தார்கள். ஐப்பசி மாதத்தில் இறுதி ஆட்டத்தை வைத்துவிட்டு இப்படி ஒரு விதியையும் வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மைதானம் வண்ணாரப்பேட்டைக்குப் போகிற வழியில் ரயில் யார்டை ஒட்டி இருந்தது. புல் கிடையாது. செம்மண்ணும் கரித்தூளும்தான். நடுவில் தேங்காய் நார்ப் பாயை விரித்து, ஓரத்தில் ஆணி அடித்து, அதன்மேல்தான் பந்து போடுவார்கள். ஒரு ஓரத்தில் உபயோகமில்லாமல் கிடந்த பழைய கூட்ஸ் ஷெட். அதற்குப் பின்னால் தண்டவாளங்கள். ஷெட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு கால்வாய், அதன்மேல் இரண்டு பலகை.

தொழிற்சாலை அணி முதலில் ஆடி நூற்று நாற்பத்திரண்டு எடுத்தது. எங்கள் ஆட்கள் நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு வரிசையாக விழுந்தார்கள். ஒன்பதாவது விக்கெட் விழுந்து மச்சான் இறங்கியபோது இன்னும் இருபத்தெட்டு வேண்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் சைக்கிளை எடுக்கப் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்தார்கள். மச்சான் ஒன்று, இரண்டு என்று திருடித் திருடிச் சேர்த்தான். நடுவில் ஒரு பந்தைத் தலைக்கு மேல் தூக்கி அடித்து நாலு எடுத்தான். அவன் முகத்தை என்னால் தூரத்திலிருந்து பார்க்க முடியவில்லை. ஆனால் பேட்டைத் தரையில் தட்டுகிற விதம் மாறியிருந்தது.

கடைசி ஓவர். மூன்று பந்து போயிற்று. மூன்று பந்து மிச்சம், ஆறு ரன் வேண்டும்.

கூட்டம் கோட்டை நெருங்கி வந்துவிட்டது. சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தாலும் நான் நின்ற இடத்தில் தெளிவாகவே இருந்தது. என் பக்கத்தில், வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருந்த பாய் நின்றிருந்தார். எங்கள் மேட்சுகளுக்கு வெயிலானாலும் குடையோடு வருகிறவர். மறுபக்கத்தில் எட்டிப் பார்த்த ஒருவனின் தலை மறைத்தது. அதனால் ஒரு அடி முன்னால் வைத்தேன். இடது கால் கோட்டுக்கு உள்ளே போயிற்று. அது எனக்குத் தெரியும்.

நாலாவது பந்தை மச்சான் முட்டி போட்டு இழுத்து அடித்தான். பந்து நேராக எங்களை நோக்கி வந்தது. அதைத் துரத்திக்கொண்டு ஒரு ஃபீல்டர் ஓடிவந்தார். எண்ணூரிலிருந்து வேலைக்கு வருகிற ஃபிட்டர், முப்பது வயதிருக்கும், இடது கைக்காரர். அதற்குள் மச்சானும் மறுமுனைக்காரனும் இரண்டு ரன் ஓடி முடித்துவிட்டார்கள். பந்து கடைசியில் வேகம் குறைந்து உருண்டு வந்து, என் செருப்பு நுனியில் பட்டு நின்றது. என் கால் கோட்டுக்கு உள்ளே ஒரு முழம் இருந்தது.

எண்ணூர்க்காரர் பந்தை எடுக்கவில்லை. என் காலைக் காட்டி, "நகராத. அப்படியே நில்லு" என்றார்.

நான் காலைப் பின்னால் இழுத்தேன்.

யோசித்துச் செய்ததில்லை. ஆனால் இழுத்த பிறகு யோசிக்க நேரம் இருந்தது. எங்கள் மைதான வழக்கப்படி, வேடிக்கை பார்க்கிறவன் மேல் உள்ளே பந்து பட்டால் ஓடின ரன் மட்டும்தான். கோட்டுக்கு வெளியே என்றால் நாலு. இரண்டு பந்தில் நாலு ரன்னா, இரண்டு பந்தில் இரண்டு ரன்னா என்பது என் காலில் இருந்தது.

அம்பயர் எங்கள் மிஷன் பள்ளியின் டிரில் மாஸ்டர். எனக்கும் மச்சானுக்கும் ஏழாம் வகுப்பில் கசரத்து சொல்லிக்கொடுத்தவர். அவர் அங்கிருந்து நடந்தே வந்தார். தூரத்திலிருந்து அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"உள்ளதான் சார் இருந்திச்சு கால். நான் கண்ணால பார்த்தேன்" என்றார் எண்ணூர்க்காரர்.

எங்கள் ஆட்கள் கத்த ஆரம்பித்தார்கள். மாஸ்டர் கையை உயர்த்தி அடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லுப்பா. உன் கால் எங்க இருந்துச்சு?"

"வெளியதான் சார் நின்னேன்."

அதோடு முடிந்திருக்கும் என்று நினைத்தேன். முடியவில்லை. எண்ணூர்க்காரர் விடவில்லை. மண்ணில் என் செருப்புத் தடத்தைக் காட்டினார். அதற்குள் நாலு பேர் அதன்மேல் மிதித்துவிட்டிருந்தார்கள். இரண்டு அணியும் ஓடிவந்தது. தள்ளுமுள்ளு. யாரோ யார் சட்டையையோ பிடித்தார்கள். மாஸ்டர் விசிலை ஊதினார், யாரும் கேட்கவில்லை. மச்சான் மட்டும் நார்ப் பாயின் நடுவில் பேட்டை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். "பாலைப் போடுங்கப்பா, பாலைப் போடுங்க" என்று அங்கிருந்தே சொன்னான்.

கடைசியில் மாஸ்டர் நாலு என்று கையை வீசிக் காட்டினார். எல்லாரும் அவரவர் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது காற்று மாறியது. துறைமுகக் கரிக்குவியலின் ஈர வாடை வந்தது. கிழக்கே பார்த்தேன். கிரேன்களின் தலை ஒவ்வொன்றாக மறைந்துகொண்டு வந்தது. பந்து போடுகிறவன் ஓட ஆரம்பித்து நாலு அடி வைத்திருப்பான், மழை எங்கள்மேல் விழுந்தது. தூறல் என்று தொடங்கவில்லை. ஒரேயடியாகக் கொட்டியது.

எல்லாரும் கூட்ஸ் ஷெட்டுக்கு ஓடினோம்.

முதல் பத்து நிமிடம் யாருக்கும் நம்பிக்கை போகவில்லை. நார்ப் பாயை யாரும் சுருட்டவில்லை. சுருட்டினால் ஆட்டம் முடிந்ததென்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். ஸ்டம்புகள் அங்கேயே நின்றன. மாஸ்டர் பந்தைக் கைக்குட்டையில் சுற்றி கால்சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். மச்சான் காலில் கட்டிய பேடைக் கழற்றாமல், வாசலோரம் கையில் பேட்டோடு நின்றான். "விட்டுடும்பா, வேகமா பேயற மய சீக்கிரம் விட்டுடும்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான்.

மழை விடவில்லை. நார்ப் பாய் தண்ணீருக்குள் போயிற்று. பிறகு ஒரு முனை ஆணியிலிருந்து பிடுங்கிக்கொண்டு மிதந்தது. கால்வாய் பொங்கி இரண்டு பலகையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. ரோட்டுப் பக்கம் போக வழியில்லை. பின்பக்கம் தண்டவாளத்தில், மத்தியானமே கொண்டுவந்து விட்ட காலி வேகன்கள் ஷெட்டின் நீளத்துக்கும் வரிசையாக நின்றன. அறுபது எழுபது பேர், ஓட்டைத் தகரக் கூரைக்குக் கீழே, இரண்டு அணியும் ஒன்றாக மாட்டிக்கொண்டோம்.

பேச்சு ஆரம்பித்தது. எங்கள் அணியில் விக்கெட் கீப்பராக ஆடியவன்தான் முதலில் சொன்னான்.

"மய வர்றத்த பாத்துட்டுதான் இவுங்கோ நேரத்த ஓட்னாங்கோ. கோப்ப அவுங்க வூட்ல கீது. மேட்ச் முடியலன்னா அவுங்களுக்கு இன்னா போச்சு?"

"நான் பார்த்தத சொன்னேன்" என்றார் எண்ணூர்க்காரர்.

"இன்னா பாத்தே? ரெண்டு பாலு போட மூணு நிமிஷம் ஆவுமா? கா மணி நேரம் சொம்மா கத்திகினு நின்னே. வேணும்னே செஞ்சே."

அவருடைய ஆட்களாவது அவர் பக்கம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் கேப்டன் சலித்துப்போய்ச் சொன்னான்: "விட்டுத் தொலச்சிருக்கலாம்பா. நாலு குடுத்திருந்தா இன்னா? கடைசி ஜோடி, ரெண்டு பால்ல அவுட் ஆக்கியிருக்க மாட்டோமா? ஒயுங்கா ஜெயிச்சுக் கோப்பய எடுத்துகினு போயிருப்போம். இப்ப மய குடுத்த கோப்பன்னு பேரு. உன் ஒருத்தனால இவ்ளோ பேஜாரு."

எண்ணூர்க்காரர் அவனைப் பார்த்தார். சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நிறுத்தினார். நான் கூரையைப் பார்த்தேன்.

மச்சான் அதைக் கவனித்துவிட்டான். எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றான். "அவன எதுக்கு மொறைக்கிற? எம் மாப்ள பொய் சொல்றவன் கெடையாது. காத்தால பூசைக்குப் போய் நன்மை வாங்கினு வந்தவன். வெளிய நின்னேன்னு சொன்னா வெளியதான் நின்னான்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கக்கூட முயன்றேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மச்சான் சொல்லி முடித்ததும் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அத்தனை பேரும் என்னை நம்பினார்கள். வெளியே ஓடலாம் என்றால் மூன்று பக்கமும் தண்ணீர், ஒரு பக்கம் வேகன். பட்டறையில் கப்பல் தொட்டிக்குள் இறங்கி வெல்டு வைக்கும்போது சில நேரம் மூச்சு முட்டும். மேலே இருக்கிறவன் கயிற்றை ஆட்டி, ஏறிவா என்பான். இங்கே ஏறிப்போக இடமில்லை.

துணிக்கடை பாய் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் தோஸ்து. அது உன் காலு."

கீப்பர் மறுபடி ஆரம்பித்தான். இந்த முறை பேச்சோடு நிற்கவில்லை. எண்ணூர்க்காரரைத் தோளில் பிடித்துத் தள்ளினான். அவர் முதுகு இரும்புத் தூணில் மோதியது. திருப்பித் தள்ளுவார் என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். அவர் தள்ளவில்லை. ஷெட்டின் பின்பக்கக் கோடிக்குப் போய்க் குந்தினார். கொஞ்ச நேரம் வேகன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேன்வாஸ் ஷூவைக் கழற்றி, கயிற்றை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டு, சரக்கு ஏற்றுகிற மேடையிலிருந்து தண்டவாளத்தில் இறங்கினார்.

வேகனுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போகப்போகிறார் என்று புரிந்தது. அந்தப் பக்கம் போனால் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் தண்டவாளத்தோடேயே நடந்துவிடலாம். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சிலர் பார்க்கவே இல்லை.

அவர் குனிந்தபோது தூரத்தில் எஞ்சின் கூவியது. மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. நான் குதித்தேன். எப்படிக் குதித்தேன் என்று தெரியவில்லை; முழங்கால் சரளையில் தேய்ந்து கிழிந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அவர் சட்டையின் முதுகைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மேடைச் சுவரில் சாய்ந்து விழுந்தோம். எஞ்சின் வந்து முட்டிய கோடியில் ஆரம்பித்து ஒவ்வொரு வேகனாக இடித்துக்கொண்டு சத்தம் எங்களை நோக்கி வந்தது. எங்களுக்கு முன்னாலிருந்த சக்கரம் ஒரு முழம் நகர்ந்து நின்றது.

இருவரும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். மழை முகத்தில் அடித்தது.

"கால் உள்ளதான் இருந்திச்சு" என்றேன்.

"தெரியும்" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? நான்தான் பார்த்தேனே. அங்க போய்ச் சொல்லு."

மேடைமேல் ஏறக் கை கொடுத்தேன். அவர் என் கையைப் பிடிக்காமல் தானாகவே ஏறினார்.

எஞ்சின் சத்தத்தில் எல்லாரும் பின்பக்கம் வந்து கூடியிருந்தார்கள். நல்ல வேளை, நல்ல வேளை என்று என் முதுகைத் தட்டினார்கள். மச்சான், "அடிபட்டுச்சா?" என்று என் முழங்காலைக் குனிந்து பார்த்தான். நான் மாஸ்டரைத் தேடி அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், நான் பொய் சொன்னேன். கால் கோட்டுக்கு உள்ள இருந்துச்சு. அவர் நில்லுன்னதும் பின்னால இழுத்துக்கினேன்."

திட்டுவார்கள், அடிப்பார்கள் என்று நினைத்து உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றேன். யாரும் கிட்டே வரவில்லை.

மாஸ்டர் கேட்டார். "எவ்ளோ உள்ள?"

"ஒரு முழம் சார்."

அவர் நனைந்துபோன ஸ்கோர் நோட்டை வாங்கி, நாலை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். பென்சில் ஈரத் தாளில் கிழித்தது. "சரி. ரெண்டு பால் பாக்கி, நாலு ரன்" என்றார், யாரிடமோ சொல்வது போல.

கீப்பர் எண்ணூர்க்காரரிடம் போய், "இன்னாபா, மனசுல வச்சுக்காத" என்று ஒரு பீடியை நீட்டினான். தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது. இருவரும் நாலைந்து குச்சியைக் கிழித்துப் பார்த்துவிட்டு விட்டார்கள். அவர்கள் கேப்டனும் வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தினான். அவர்கள் பாடு தீர்ந்தது.

மச்சான் வாசலோரம் போய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்தான். அதுவரைக்கும் மழை நின்றுவிடும் என்று கட்டியே வைத்திருந்த பேடை, ஒவ்வொரு வாராகக் கழற்ற ஆரம்பித்தான். ஈரத்தில் ஊறிய தோல் வார் சீக்கிரம் கழலவில்லை. நான் உதவப் போனேன். வேண்டாம் என்று கையால் காட்டினான். கடைசி வாரைக் கழற்றிவிட்டுச் சொன்னான்.

"நாலு வேணும்னா நாலு அடிச்சிருப்பேன் மாப்ளே."

அவ்வளவுதான் சொன்னான். அது வீம்புப் பேச்சில்லை. அன்றைக்கு அவன் ஆடிய ஆட்டத்துக்கு அடித்திருப்பான். இல்லை, அவுட்டாகியிருப்பான். இரண்டில் ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

உண்மையைச் சொல்லிவிட்டால் விடுதலை என்று கோயிலில் சொல்லக் கேட்டிருக்கிறேன். கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் எழுந்து வெளியே வந்துவிடலாம். இங்கே சொல்லி முடித்த பிறகும் ஒன்றரை மணி நேரம் மழை பெய்தது. நெருக்கி நின்ற அந்த ஷெட்டில் என்னைச் சுற்றி மட்டும் இடம் இருந்தது. துணிக்கடை பாய்கூடத் தள்ளிப்போய் மாஸ்டரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மைதானத்தைப் பார்த்தேன். தண்ணீருக்கு மேல் ஸ்டம்புகள் பாதி தெரிந்தன. இருட்ட இருட்ட அவையும் தெரியவில்லை.

மழை குறைந்ததும் இரண்டு அணியும் இறங்கிப் போய் நார்ப் பாயைத் தூக்கினோம். தண்ணீர் குடித்து அது ஒரு ஆள் கனத்துக்கு மேல் ஆகியிருந்தது. சேற்றில் ஆணிகளைக் காலால் துழாவித் தேடினோம். யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு முனையைப் பிடித்தேன். மறுமுனையில் எண்ணூர்க்காரர். சுருட்டி ஷெட்டுக்குள் போட்டதும் அவர் ஆட்களோடு, தண்ணீர் வடிந்த பக்கமாகச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போனார். கோப்பை அவர்களிடமே இருந்தது. அவர்கள் அதற்காகச் சிரித்ததாகவோ பாடியதாகவோ நினைவில்லை.

மச்சான் வெள்ளிக்கிழமை விசாகப்பட்டினம் போனான். வீட்டில் யாரிடமும் அன்றைக்கு நடந்ததைச் சொல்லவில்லை. நானும் ரொம்ப நாள் சொல்லவில்லை. தெருவில் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும், அந்த மேட்சைப் பற்றிப் பேச்சு வந்தால், மழைதான் கெடுத்தது என்பார்கள். என்னைக் காப்பாற்றச் சொன்னார்களா, தங்களுக்கே அப்படிச் சொல்வது சுலபமாக இருந்ததா, தெரியவில்லை. அடுத்த வருடம் சாக்கைத் தள்ளிக்கொண்டு போக என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் மேட்ச் நடக்கும்போது நான் கோட்டுப் பக்கம் போவதில்லை. ஷெட் மேடையிலேயே உட்கார்ந்துகொள்வேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது தெருவில் முழங்கால் தண்ணீர். விளக்கு அணைந்திருந்தது. மச்சான் முன்னால் போனான், பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி பின்னால் போனேன். நின்று சேர்த்துக்கொள்வான் என்று பார்த்தேன். அவன் நிற்கவில்லை. ரயில் பாலத்துக்குக் கீழே, சாக்கடை மூடி பெயர்ந்து கிடந்த இடத்தில் மட்டும் நின்றான். பேட்டைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்த்தான். திரும்பாமலேயே, "இங்க பள்ளம் கீது. ஓரமா வா" என்றான். நான் அந்த இடத்தைத் தாண்டுகிறவரைக்கும் பேட்டை எடுக்காமல் ஊன்றிப் பிடித்திருந்தான். தாண்டியதும் மறுபடி முன்னால் நடந்தான்.